பாயிரமும் விண்ணப்பமும்

நூலொன்று எத்துணை விரிவுடையதாயினும், பாயிரம் பெறாவிடின் அது நூலெனப் பாராட்டப்பெறாது என்பது நன்னூலார் துணிபு. நூலின் வாயிலில் நின்று, இதனைச் செய்தார் யாவர், இஃது எவ்வழி வந்தது, எதனைப் பேசுவது, யாருக்குப் பயன்படுவது என்பனவற்றை வருவோர்க்கு அறிவிப்பது பாயிரம். இலக்கண வகுப்பிலே மாணாக்கர் இப்பகுதியை மனனஞ் செய்வர், சோதனையில் எழுதிப் புள்ளி பெறுவர், பெற்றபின் மறந்துவிடுவர். இவ்விலக்கணம் இக்காலத்து வாழ்க்கையிலே கைகொடுக்கும் இடமும் ஒன்றுண்டு என்று எவரேனும் கூறின் நகைப்பர். அத்தகைய இடமொன்றை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் இளம் மாணாக்கர், பட்டம் பெறுதற்கு முன்னரே தாமாக ஓர் ஆராய்ச்சியை மேற்கொள்ள விரும்பி, அதற்காகும் செலவை உதவுமாறு தம் பல்கலைக்கழகத்தை வேண்டி எழுதுகின்ற விண்ணப்பமே அவ்விடம்.

கற்றோர் தம் கல்விப் பணிக்குப் பிறருடைய பொருளை வேண்டி நிற்றல் நமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். தொட்ட மாத்திரத்தே ஓரம் உதிர்கின்ற ஏடுகளின் நிலையை அவர்கள் தம் பதிப்புரையில் எடுத்துரைத்தது வெறும் புலம்பலன்று. தமிழறிந்த செல்வர்க்கு விடுத்த விண்ணப்பமுமாகும். சீவகசிந்தாமணியை 1887இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையரவர்கள், நூல் அச்சாகுமுன்னரே வாங்குவதாக உறுதி கூறுவோரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டிய வரலாற்றைத் தம் சரித்திரத்திலே விரித்து எழுதியிருக்கின்றார்கள். அப்பெரியோர்க்கு நேராத இழுக்கு, இன்று படிவமொன்றை நிரப்பும் மாணாக்கருக்கு நேர்ந்துவிடாது.

ஆயினும், பட்டம் பெறாத மாணாக்கருக்கு ஆராய்ச்சி எதற்கு, அதற்குப் பணம் எதற்கு என்று வினவுவோர் நம்மிடையே உளர். அமெரிக்க நாட்டிலும் ஒரு காலத்தில் அவ்வாறே வினவினர். பொலரோயிட் ஒளிப்படக் கருவியைக் கண்டறிந்த எட்வின் லாண்ட் என்பார், 1957ஆம் ஆண்டில் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிகழ்த்திய பேருரையொன்றில், மாணாக்கன் ஒவ்வொருவனும் கழகத்திற் புகுந்த தொடக்கத்திலேயே தனக்கென ஓர் ஆராய்ச்சியை மேற்கொள்ளல் வேண்டும் என்று வற்புறுத்தினார். அக்கருத்தை 1969இல் செயலாக்கியவர் மாகிரற் மக்விக்கர் என்னும் பெளதிகவியற் பேராசிரியை. அப்பொழுது அவருக்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. அவர் வகுத்த திட்டத்தின்படி, மாணாக்கர் தமக்கு விருப்பமான பேராசிரியரை நாடி, அவரோடு கலந்து, தாம் செய்யவிருக்கும் பணியை எழுத்தில் வகுத்துத் தருவர். ஏற்கப்படின் அப்பணிக்குப் பாடப் புள்ளியோ ஊதியமோ பெறுவர். இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களிலே நடைபெறும் இத்தகைய திட்டங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனமும் 1958ஆம் ஆண்டு தொடக்கம் இளநிலை மாணாக்கரின் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் அவ்வுதவி நிறுத்தப்பட்டது. 1987இல் வேறொரு பெயரோடு மீண்டும் தொடங்கிற்று. செல்வமிக்க நாட்டிலும் இவ்வூற்று இடையில் வற்றியதுண்டு என்பதையும், அதனை மீண்டும் தோண்ட வேண்டுமெனப் பின்னர் உணர்ந்தனர் என்பதையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, நமது நாட்டை நோக்குவோம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1942இல் அஃது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் அமைந்தது. சிறப்புக் கலை பயிலும் மாணாக்கர் இறுதியாண்டில் ஆய்வேடு ஒன்று சமர்ப்பித்தல் வழக்கமாகிவிட்டது. இளம் மாணாக்கரைக் கொண்டு பெரும்பணி இயற்றலாம் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், பேராதனை மாணாக்கரை உடன்கொண்டு மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை ஆராய்ந்து, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைப் புதிய முறையில் அரங்கேற்றியதை அறியாதார் யார்? ஆடியவர் மாணாக்கர்; அண்ணாவிமாரின் அடிகளைக் கேட்டுப் பயின்றவரும் மாணாக்கர். இன்று கூத்துப்பற்றிப் பேசும் அறிஞர் சிலர் அன்று அக்களரியில் நின்ற இளைஞர்களே.

எனினும், பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்படும் பணம் பெரும்பாலும் ஆசிரியர்க்கும் முதுநிலை மாணாக்கர்க்குமே செல்கின்றது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மகாபொல நிதி ஏழை மாணாக்கரின் உணவுக்கும் உறையுளுக்கும் உதவுமேயன்றி, ஊரூராகச் சென்று பாட்டும் ஏடும் தேடுதற்குப் போதாது. இளநிலையினருக்கென அங்குமிங்கும் சிறுதொகைகள் வழங்கப்படுவதுண்டு. அவற்றை அறிந்து, உரிய காலத்தில் உரிய முறையில் விண்ணப்பிக்கும் தமிழ் மாணாக்கர் மிகச் சிலரே. இதற்குக் காரணம் அறிவுக்குறைவன்று. எழுதும் முறை அறியாமையும், தம்மைப்பற்றித் தாமே கூறுதற்கு நாணுதலுமே ஆகும்.

என்னிடம் நன்னூல் பயின்று பல்கலைக்கழகஞ் சென்ற மாணவி ஒருத்தி, வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவள். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களைத் திரட்டி ஆராய வேண்டுமென்பது அவளது வேட்கை. முன்னாளிற் பலர் நிரையாக நின்று கயிற்றைப் பற்றி, ஒருவர் பாட ஏனையோர் தாங்கிப் பாடி வலையை இழுத்தனர். இழுக்கும் கைகளை ஒருங்கியைக்கவே அப்பாட்டு எழுந்தது. இன்றோ பல கரைகளில் உழவு இயந்திரம் வலையை இழுக்கின்றது. இயந்திரத்துக்குத் தாளம் வேண்டுவதில்லை. ஆகவே பாட்டு வாடியை விட்டு நீங்கி, முதியோர் சிலரின் நெஞ்சில் மாத்திரம் தங்கியிருக்கின்றது.

அவள் முதன்முறை விடுத்த விண்ணப்பம், எல்லையும் பயனும் தெளிவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். யான் வேறு நூலெதனையும் தேடவில்லை. நன்னூற் பாயிரத்தையே அவள்முன் விரித்தேன். சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியன எட்டு என்றும், அவற்றோடு மேலும் மூன்றைச் சேர்த்துக் கூறுவாரும் உளர் என்றும் பவணந்தியார் உரைத்திருக்கின்றார். அப்பதினொன்றையும் ஒவ்வொன்றாக அவ்விண்ணப்பத்தோடு வைத்து நோக்கினோம்.

முதலாவது, ஆக்கியோன் பெயர். விண்ணப்பிப்பவர் யார், அவரை வழிநடத்தும் விரிவுரையாளர் யார் என்பன தெளிவாதல் வேண்டும்.

இரண்டாவது, வழி. நமக்கு முன் இத்துறையில் உழைத்தவர் எவர், அவர் விட்ட இடம் யாது, நாம் தொடுமிடம் யாது என்பன இதிலடங்கும். வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. அதுபோன்ற நூல்களைக் கற்றுத் தன் பணி அவற்றினின்றும் எங்ஙனம் வேறுபடுகின்றது என்பதைக் கூறாதவன், வெட்டிய கிணற்றையே மீண்டும் வெட்ட முனைபவனாகத் தோன்றுவான்.

மூன்றாவது, எல்லை. தொல்காப்பியப் பாயிரம் வடவேங்கடத்தையும் தென்குமரியையும் கூறித் தொடங்குவது எதற்காக? எங்கு வரையுமே தன் சொல் செல்லும் என்பதை அறிவித்தற்காக. மாணவி முதலில் எழுதியது, “ஈழத்து நெய்தனிலப் பாடல்கள்” என்பது. புத்தளம் தொட்டுப் பொத்துவில் வரை ஓர் இளம்பெண் எட்டு மாதத்தில் எங்ஙனம் செல்வாள்? அயலயலான இரண்டு ஊர்கள், பாட வல்ல நான்கு முதியோர், கரைவலைப் பாடல் மாத்திரம் என வரையறுத்தபோது, விண்ணப்பம் நம்பத்தக்கதாயிற்று.

நான்காவது, நூற்பெயர். தலைப்பைக் கண்டவுடன் பொருள் விளங்குதல் வேண்டும். அணிநலம் அதற்கு வேண்டுவதில்லை.

ஐந்தாவது, யாப்பு. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நூல் யாக்கப்படும் முறை நால்வகைப்படும். இக்காலத்தார் ஆய்வுமுறை என்பது இதனையே. எவரிடம் கேட்பது, எக்கருவியிற் பதிவது, பதிந்ததை எவ்வாறு எழுத்தாக்குவது, பாடுவோரின் உடன்பாட்டை எவ்விதம் பெறுவது என்பன யாவும் இங்கு எழுதற்குரியன.

ஆறாவது, நுதலிய பொருள். பாடல்களைத் திரட்டுதல் செயல். அஃது ஆராய்ச்சிப் பொருளாகாது. “இழுப்பின் வேகம் மாறும்போது பாட்டின் சந்தம் எவ்வாறு மாறுகின்றது?” என்ற வினாவை அவள் எழுதினாள். அந்த ஒரு வினா, விண்ணப்பம் முழுவதற்கும் முதுகெலும்பாயிற்று.

ஏழாவது, கேட்போர். இதனை நம்மவர் பெரிதும் மறக்கின்றனர். விண்ணப்பத்தைப் படிப்போர் அனைவரும் தமிழறிஞரல்லர். விவசாயமும் இரசாயனமும் கற்பிப்போரும் அக்குழுவில் இருப்பர். அம்பா என்றால் யாது என்பதை அவர்க்கு இரண்டு வாக்கியத்தில் உணர்த்தல் வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் அமைந்திருப்பின், முதலில் தமிழிற் சிந்தித்துத் தமிழிலே எழுதி முடித்து, பின்னர் மொழிபெயர்த்தல் நன்று. ஆங்கிலத்துக்கு அஞ்சி எழுதப்பெறும் வாக்கியம் கருத்தை இழந்து போகின்றது.

எட்டாவது, பயன். “தமிழ் வளரும்” என்பது பயனாகாது, அது வாழ்த்து. பதிவுகளின் பிரதி துறை நூலகத்துக்கு ஒன்று, 2005ஆம் ஆண்டு முதல் இணையவழி நம் நூல்களைப் பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று, பாடியவரின் குடும்பத்துக்கு ஒன்று என்று கூறுவதே பயன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட பின்னர், ஒரு பிரதியோடு அமைதல் எத்துணைத் தீங்கு என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது, காலம். வாடைக்காற்று வீசுங் காலத்திற் கடல் கொந்தளிக்கும்; கரைவலை இழுத்தல் அரிது. அம்மாதங்களிற் களப்பணி செய்வதாக எழுதினால், ஊரறியாதவர் எழுதிய விண்ணப்பம் என்று தெரிந்துவிடும். கடலின் பருவத்தையும் சோதனையின் பருவத்தையும் இணைத்து அவள் மாதவாரியாக அட்டவணை வகுத்தாள்.

பத்தாவது, களம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறிற்று என்று பாயிரம் கூறுகின்றது. முடிந்த ஆய்வு எவ்வவையிற் படிக்கப்படும், குறைகூற வல்லார் எவர் முன்னிலையில் வைக்கப்படும் என்பதையும் விண்ணப்பம் கூறல் வேண்டும்.

பதினொன்றாவது, காரணம். இன்று ஏன் செய்தல் வேண்டும், அடுத்த ஆண்டு செய்தால் என்ன? இவ்வினாவுக்குரிய விடையே விண்ணப்பத்தின் உயிர். இதனை அவளுக்கு யான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் விண்ணப்பத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே எட்டு மாதங்கள் கழிந்தன. அதற்குள் அவள் பட்டியலில் இருந்த நான்கு முதியோருள் ஒருவர் காலமானார். புதிய படிவத்தில் “நால்வர்” என்றிருந்ததை அவள் “மூவர்” என்று மாற்றி எழுதினாள், வேறொன்றும் எழுதவில்லை.

பாயிரத்திற் கூறப்படாத ஒன்று விண்ணப்பத்துக்கு உண்டு. அது செலவுக் கணக்கு. பண்டைப் புலவர் வள்ளலின் உள்ளத்துக்கே அளவை விட்டுவிட்டனர். இக்காலக் குழுவினரோ ஒவ்வொரு ரூபாவுக்கும் காரணம் வேண்டுவர். பஸ் கட்டணம் எத்தனை பயணத்துக்கு, பதிவுக் கருவி இரவலா விலைக்கா, விலைக்காயின் விலைமனு எங்கே, பிரதியெடுக்கும் செலவு எவ்வளவு என நிரல்பட எழுதுதல் வேண்டும். கூட்டிக் கேட்டால் குறைத்துத் தருவர் என்று எண்ணி மிகுத்தெழுதுவதும், குறைத்துக் கேட்டால் இரங்குவர் என்று எண்ணிக் குறைத்தெழுதுவதும் ஒருபடித்தான பிழைகளே. இரண்டும் கணக்கறியாமையைக் காட்டுவன. பாடுவோருக்குத் தேநீரும் வெற்றிலையும் என்ற செலவை எழுத அவள் தயங்கினாள். “அதனை முதலில் எழுது, பிள்ளை” என்றேன். ஒருவரது பொழுதையும் குரலையும் பெறுகின்றோம். அவர்க்குச் செய்யும் உபசாரம் மறைக்க வேண்டிய செலவன்று.

இனி, எல்லாவற்றினும் கடினமான பகுதிக்கு வருவோம். “இவ்வாய்வைச் செய்தற்கு உமக்குள்ள தகுதி யாது?” என்று படிவம் வினவுகின்றது. மாணவி அங்கு, “எனக்கு இத்துறையிற் போதிய அறிவில்லை, ஆயினும் முயல்வேன்” என்று எழுதியிருந்தாள். அடக்கம் நன்றுதான், ஆனால் தனக்கு அறிவில்லை என்று தானே கூறுபவரிடம் பொதுப்பணத்தை எக்குழு ஒப்படைக்கும்? மாற்றி எழுதுமாறு கூறியபோது அவள், “என்னை நானே புழுகிறதோ, ஐயா?” என்று நாணி நின்றாள்.

இவ்விடத்தும் நன்னூலாரே துணைவந்தார். எத்துணைத் துறை கற்றவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று விதித்த அவர், அடுத்த சூத்திரத்திலேயே நான்கு விலக்குகளையும் தருகின்றார். அரசனது அவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையிலே வாதித்து வெல்லும் பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்து கூறல் குற்றமன்று. பல்கலைக்கழகக் குழுவுக்கு எழுதும் விண்ணப்பம் அரசவைக்கு விடுக்கும் ஓலையன்றி வேறென்ன? அக்குழுவினர் அவளது ஆற்றலை அறியாதவரும் ஆவர். நான்கு விலக்குகளுள் இரண்டு ஒருங்கே பொருந்துகின்றன. இலக்கணமே இசைவு தந்தபின் நாணுதற்கு இடமேது?

ஆனால், புகழ்தல் என்பது மிகைபடக் கூறலன்று, உள்ளது கூறலேயாம். அவள் திருத்தி எழுதினாள்: “யான் இக்கரையிற் பிறந்தவள். என் பாட்டனார் கரைவலை இழுத்தவர். அவர் பாடிய 17 பாடல்களைப் பாடசாலைக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கின்றேன். பண்ணிசையும் நான்காண்டு பயின்றிருக்கின்றேன்.” இந்நான்கு வாக்கியத்திலும் புகழ்ச்சிச் சொல் ஒன்றேனும் இல்லை, எனினும் இவ்வாய்வுக்கு இவளினும் தக்கார் இலர் என்பது படிப்போர்க்கு விளங்குகின்றது.

ஆசிரியராயுள்ள அன்பர்களுக்கும் ஒன்று கூறல் வேண்டும். சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் எழுதுவதில்லை. அவனுடைய ஆசிரியனோ, உடன்கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ எழுதுதல் மரபு. தொல்காப்பியனார்க்கு உடன்பயின்ற பனம்பாரனாரே பாயிரம் தந்தார். இன்றும் விண்ணப்பத்தோடு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் ஒன்று செல்கின்றது. நாம் என்ன எழுதுகின்றோம்? “நல்லொழுக்கமும் விடாமுயற்சியும் உடையவர்” என்ற ஒரே நற்சான்றை நூறு பேருக்கும் எழுதுகின்றோம். பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்துகின்ற கடிதம் எவருக்கும் பயன்படாது. இம்மாணாக்கர் எதனைச் செய்தார், எவ்வினாவைக் கேட்டு நம்மைச் சிந்திக்க வைத்தார் என்று ஒரு செய்தியேனும் எழுதினால், அதுவே பாயிரம்.

இரண்டாம் முறை அவளது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கேட்டதிற் பாதியளவே தந்தனர். பயணங்களைக் குறைத்து, கருவியை இரவல் பெற்று, மூவரிடமும் பாடல்களைப் பதிந்து முடித்தாள். வெற்றிலைச் செலவு மாத்திரம் குறையவில்லை. பதிந்தவற்றுள் ஒன்றை எனக்கும் கேட்பித்தாள். பாடும் முதியவரின் மூச்சு இடையிடையே இளைக்கின்றது. இழுக்கும் கை இல்லாதபோதும் தோள் அசைவதை அக்குரலிலே உணரலாம்.

பல்கலைக்கழகங்களை நடத்தும் பெரியோர், ஒவ்வொரு பீடத்திலும் இளநிலை மாணாக்கருக்கெனச் சிறுதொகை ஒன்றை ஆண்டுதோறும் ஒதுக்கி, அதற்கு விண்ணப்பிக்கும் முறையை மும்மொழியிலும் அறிவித்தல் வேண்டும். மறுக்கும்போதும் ஒற்றை வரியோடு நில்லாது, குறை இன்னதென விளக்கித் திருப்பி அனுப்புதல் வேண்டும். அவ்விளக்கமும் கல்வியின் ஒரு பகுதியே. இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. செய்யாமையால் நேரும் இழப்போ, பின்னர் எத்தொகை கொடுத்தும் மீட்கவொண்ணாதது.

அதுவரை, பாடசாலைகளிலே நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாயிரவியல் கற்பிக்கும் நாளில், சூத்திரத்தை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாது, மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலே ஆராயத்தக்க பொருளொன்றைத் தெரிந்து, அதற்குப் பதினொரு பகுதியும் அமைந்த பாயிரம் ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி வருமாறு பணிப்போமாக. குளத்தின் பெயரோ, கோயிலின் ஏடோ, கொல்லன் பட்டறையின் சொல்லோ எதுவாயினும் ஆகுக. அவ்வொரு பக்கத்தை எழுதப் பழகிய பிள்ளை, நாளை எந்த அவைக்கும் அஞ்சாது ஓலை விடுக்கும்.